இரும்பு இல்லாத மேசை

யதுர்சிகாவின் எந்த விரலில் குத்துவது என்பது அந்த வீட்டில் தினமும் காலையில் விசாரணைக்கு வரும் வழக்கு. வழக்காளியும் அந்த எட்டு வயதுப் பிள்ளைதான், சட்டத்தரணியும் அவளேதான். சுட்டுவிரல் எழுதுகிற விரல், தொடக்கூடாது. நடுவிரலில் நேற்றுத்தான் குத்தியது. மோதிரவிரல் இன்னும் நோகிறது. சின்னவிரலில் இரத்தம் வராது, வந்தாலும் காணாது. பெருவிரலைப் பற்றிப் பேச்சே எடுக்கவேண்டாம். இத்தனையும் சொல்லி முடிக்கும்வரை இரண்டு கைகளையும் தொடைகளுக்குக் கீழே வைத்து அமர்த்திக்கொண்டு குசினி வாசலில் இருப்பாள். தாய் துசாந்தினி எதிரே குந்தியிருந்து, ஒரு கையில் ஊசிப் பேனையும் மறு கையில் சீனி பார்க்கிற மெசினுமாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, இடக்கை மோதிரவிரல்" என்று தீர்ப்புச் சொல்வாள். அதற்கு மேன்முறையீடு கிடையாது.

"ஒண்டும் செய்யாதம்மா. எறும்பு கடிக்கிற மாதிரித்தான்."

"எறும்பு கடிச்சிட்டுப் போயிடும்" என்றாள் யதுர்சிகா. "இது சாப்பிட முதலும் கடிக்கும், பள்ளிக்கூடத்திலயும் கடிக்கும், படுக்கப் போகேக்கையும் கடிக்கும்."

கிழடு கட்டைகளுக்கு வருகிற சீனி வருத்தம் பால்பல் விழுந்து முடியாத பிள்ளைக்கு எப்படி வந்தது என்று அடம்பன் ஊரில் கேட்காத ஆள் இல்லை. சோற்றைக் குறை, பாகற்காய்ச் சாறு கொடு என்று சொல்லாத ஆளும் இல்லை. இது அந்த வருத்தம் இல்லை, பிள்ளையின் உடம்பில் இன்சுலின் சுரப்பதே இல்லை, குத்திப் பார்த்து வருகிற எண்ணுக்கு ஏற்றபடி மருந்தை ஊசியால் ஏற்றினால்தான் பிள்ளை உயிரோடு இருக்கும் என்று விளங்கப்படுத்தி விளங்கப்படுத்தி துசாந்தினிக்கு வாய் உளைந்துவிட்டது. இப்போதெல்லாம் யாராவது பாகற்காய் என்று தொடங்கினால், "ஓம், குடுக்கிறன்" என்றுவிட்டுச் சைக்கிளில் ஏறிவிடுவாள்.

அந்த எண் பொய்யானால் என்ன நடக்கும் என்பதை அவள் மாசி மாதத்தில் கண்டாள். பள்ளிக்கூட இடைவேளைக்குச் சைக்கிளில் போய்ப் பிள்ளைக்குக் குத்திப் பார்த்து ஊசி போட்டுவிட்டு வருவது அவளுடைய வழக்கம். ஒருநாள் பிள்ளை மெசினோடு வாசலுக்கே ஓடிவந்து, "அம்மா, நானே குத்திப் பாத்திட்டன்" என்றது. எண்ணும் அருமையான எண். துசாந்தினிக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அடுத்த நாளும் அருமையான எண், அதற்கடுத்த நாளும் அப்படியே. அவளும் மருந்தைக் குறைத்துப் போட்டாள். அந்தக் கிழமை முடிவதற்குள் பிள்ளை சத்தியெடுத்து, மூச்சு வாங்கி, கண்சொருகிக் கிடந்தது. தகப்பன் கிருஷாந்தன் வயலில் இருந்து உழவு மெசினை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தான். ஓட்டோவில் பாலம் கடந்து மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் என்று டொக்டர் தொடங்கிய வசனத்தை அவர் முடிக்கவேயில்லை.

கண் விழித்த பிறகுதான் பிள்ளை உண்மையைக் கக்கியது. குத்தியது தன்னுடைய விரலில் இல்லை, பக்கத்து வாங்குச் சிநேகிதியின் விரலில். அதற்குக் கூலியாகத் தனக்குக் கட்டித் தந்த பிஸ்கட்டைக் கொடுத்திருக்கிறது. சிநேகிதிக்குப் பிஸ்கட், அம்மாவுக்கு நல்ல எண், தன் விரலுக்கு விடுமுறை. எல்லாருக்கும் சந்தோஷமாக இருக்கும் என்றுதான் நினைத்ததாம். அடிக்கக் கையை ஓங்கிய துசாந்தினி, ஓங்கிய கையாலேயே பிள்ளையின் விரல்களைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஒவ்வொரு விரல் நுனியிலும் கறுத்த புள்ளிகள் இருந்தன. எழுதுகிற விரலில்கூட இருந்தன. இந்தக் குத்து இல்லாமல் சீனி பார்க்க ஒரு வழி இந்த உலகத்தில் யாருக்குமா தெரியாது என்று அன்று அவள் வாய்விட்டுக் கேட்டாள்.

கேட்டது வீண்போகவில்லை. இரண்டு மாதம் கழித்து, அடம்பன் கிளினிக் தாதி அவளைக் கூப்பிட்டு, ஹமீதா என்று ஒரு பிள்ளை பல்கலைக்கழகத்தில் இருந்து வருகிறது, குத்தாமல் சீனி பார்க்கிற சாமான் ஒன்று செய்திருக்கிறதாம், அதைச் சோதிக்க ஆட்கள் தேடுகிறது என்றாள். துசாந்தினி அன்று சோறு வடிக்க மறந்துபோனாள்.

ஹமீதாவுக்குச் சொந்த ஊர் சிலாவத்துறை. சொந்த ஊர் என்று சொன்னாலும் பிறந்தது வளர்ந்தது புத்தளத்தில். தொண்ணூறாம் ஆண்டில் வடக்கில் இருந்து முஸ்லிம்களை விரட்டியபோது உடுத்த உடுப்போடு வெளியேறிய குடும்பம். சண்டை முடிந்த பிறகு வாப்பாவும் உம்மாவும் திரும்பி வந்து காடு வெட்டி வீடு கட்டினார்கள். மகள் படித்துப் பொறியியலாளர் ஆனாள். வாப்பாவுக்குச் சீனி வருத்தத்தில் ஒரு கால்விரல் போனது. குத்திப் பார்க்கப் பயந்து பயந்தே அவர் அதைக் கொடுத்தார். அந்த ஒரு விரல்தான் இந்தச் சாமானுக்குக் காரணம் என்று அவள் சிரித்துக்கொண்டே சொல்வாள். சிரிக்கும்போது கண் சிரிக்காது.

சாமானைப் பார்க்கப் பெரிய விசேஷம் ஒன்றுமில்லை. தபால்முத்திரை அளவில் ஒரு பச்சைத் தகடு, அதன்மேல் செம்பில் கோலம் போட்டதுபோல் ஒரு கோடு. அதுதான் அன்டெனா. அதிலிருந்து ஒரு வயர் போய்ப் பெரிய பெட்டி ஒன்றில் முடியும். பெட்டியின் திரையில் ஒரு வரி ஓடும், ஓடுகிற வரி ஓரிடத்தில் பள்ளமாக இறங்கி ஏறும்.

"குடத்துல தண்ணி எவ்வளவு கிடக்குன்டு தொறந்து பாக்காமத் தட்டிப் பாத்தாலே தெரியும்தானே அக்கா?" என்று ஹமீதா விளங்கப்படுத்தினாள். "இதும் அப்பிடித்தான். போன்ல வாற அலை மாதிரி மெல்லிசா ஒரு அலைய இது தோலுக்குள்ள அனுப்பும். ரத்தத்துல சீனி கூடினா இந்தப் பள்ளம் கொஞ்சம் தள்ளிப் போகும், கொறஞ்சா திரும்பி வரும். நோவு இல்ல, சூடு இல்ல."

"அப்ப நாளைக்கே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாறன் மிஸ்."

"இல்லக்கா. பிள்ளைகளுக்கு இன்னம் அனுமதி இல்ல. பெரிய ஆக்கள்ட இது உண்மையச் சொல்லுதா எண்டு முதல்ல நிரூபிக்கணும். அப்பதான் அடுத்தது."

"அப்ப என்னைச் சேருங்கோ."

"உங்களுக்குச் சீனி இல்லியே?"

"இல்லாத ஆக்களும் வேணுமெண்டு தாதி சொன்னவ." துசாந்தினி விடுகிற ஆள் இல்லை. "எத்தினைதரம் வேணுமெண்டாலும் வாறன். கெதியா முடிச்சுத் தாங்கோ, அது காணும்."

சோதனை பொது நோக்கு மண்டபத்தில் நடந்தது. சீனி வருத்தக்காரரும் இல்லாதவர்களுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர் வெறும் வயிற்றோடு வந்திருந்தார்கள். அதில் நடராசா என்று, வயல் செய்கிற கமக்காரர் ஒருவர். இதை அவர் ஏதோ பரீட்சை என்று நினைத்து, நல்ல புள்ளி எடுக்கவேண்டும் என்பதற்காக முதல்நாள் மத்தியானத்தில் இருந்தே பட்டினி கிடந்து, கதிரையில் இருந்தபடியே தலைசுற்றி விழப்போனார். அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து ஆற்றிவிட்டு, ஹமீதா எல்லாரையும் வரிசையாக இருத்தி ஒரே கேள்விகளைக் கேட்டுக்கொண்டு வந்தாள். என்ன மருந்து குடிக்கிறீர்கள், எப்போது சாப்பிட்டீர்கள், உடம்புக்குள் இரும்பு, தகடு, ஆணி ஏதாவது இருக்கிறதா?

"இல்லை" என்றார் நடராசா. "இல்லை" என்றாள் அவருக்குப் பக்கத்தில் இருந்த சிவபாக்கியம். துசாந்தினி கேள்வி முடிவதற்கு முன்பே "இல்லை" என்றாள்.

அவள் யோசித்துச் சொன்ன பொய் அல்ல அது. இடக்கையில், முழங்கைக்குக் கொஞ்சம் கீழே, நெல்மணிப் பருமனில் ஒரு செல் துண்டு, வெடித்த எறிகணையின் சிதறல், அவளுக்குள் இருக்கிறது. கடைசிச் சண்டைக்குள் மாத்தளன் மணலில் பங்கர்க் குழிக்குள் இறங்கும்போது பட்டது. பெரிய துண்டை எடுத்துவிட்டார்கள், சின்னது நின்றுவிட்டது. பிறகு முகாமில், இயக்கத்தில் இருந்தவர்களைத் தேடி, ஆமிக்காரர் காயக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு எங்கே பட்டது, எப்படிப் பட்டது என்று விசாரித்தார்கள். பக்கத்துக் கூடாரப் பெண் ஒருத்தி உள்ளதை உள்ளபடி சொன்னாள்; சொன்னவளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவள் இரண்டு வருஷம் கழித்துத்தான் வீடு வந்தாள். அன்றே துசாந்தினியின் மாமா, "முள்ளுக்கம்பி கிழிச்சதெண்டு சொல்லு. எவன் கேட்டாலும் அதுதான்" என்று படிப்பித்துவிட்டார். அவளும் எவர் கேட்டாலும் அதையே சொன்னாள். கலியாணத்துக்குப் பிறகு கிருஷாந்தனிடமும் சொன்னாள். அவனும் தன் முதுகுத் தழும்புக்கு மாடு முட்டியது என்று சொன்னான். இருவரும் நம்பியதாகக் காட்டிக்கொண்டு நன்றாகத்தான் குடும்பம் நடத்துகிறார்கள்.

ஆகவே பேனையோடு யாராவது எதிரே இருந்து உடம்பைப் பற்றிக் கேட்டால், அவள் வாய் தானாகவே இல்லை என்று சொல்லிவிடும். கண்ணுக்குள் தூசி வரும்போது இமை மூடுகிற மாதிரி.

எல்லாருடைய இடக்கையிலும் ஒவ்வொரு அன்டெனாத் தகட்டைப் பிளாஸ்டரால் ஒட்டி, பெட்டி வயரை மாறி மாறிப் பூட்டினாள் ஹமீதா. குத்துவது வலக்கை விரல்களில். ஒரு பெரிய கோப்பை குளுக்கோஸ் தண்ணியைக் குடிக்கக் கொடுத்துவிட்டு, சீனி ஏறி இறங்கும்வரை சும்மா இருக்கிற ஆளைக் கொஞ்சத்துக்கொருதரம் குத்தி, மெசினின் எண்ணையும் பள்ளம் நிற்கிற இடத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் வேலை. குத்தாமல் பார்க்கிற சாமானைச் சோதிக்க இத்தனை குத்து வேண்டுமா என்று நடராசா பகிடி விட்டார். முதல் குத்துக்குத் துசாந்தினி சிரித்துக்கொண்டு விரலைக் கொடுத்தாள். மூன்றாவது குத்துக்குப் பல்லைக் கடித்தாள். பிறகு, விரலைப் பிடிக்க ஹமீதா கையை நீட்டியபோது அவளுடைய கை அவளைக் கேட்காமலே தொடைக்குக் கீழே போய்விட்டது. அதைப் பார்த்த பிறகுதான், தன் பிள்ளைக்கு இத்தனை நாளும் சொல்லிவந்த எறும்புக் கதை எவ்வளவு பெரிய புளுகு என்பது அவளுக்கு உறைத்தது. அன்று வீட்டுக்குப் போகிற வழி முழுக்க அவளுக்கு அழுகை வந்தது.

ஆனால் அன்றைய சோதனையில் பள்ளம் சொன்ன சொல் கேட்கவில்லை. நடராசாவுக்கு ஒழுங்காகப் போனது. சிலருக்குச் சீனி ஏற ஏற மெல்லத் தள்ளிப் போய், இறங்க இறங்கத் திரும்பி வந்தது. துசாந்தினிக்கோ ஒருதரம் பள்ளமே இல்லை. இன்னொருதரம் திரையின் மறு அந்தத்தில் போய் நின்றது. கையைக் கொஞ்சம் திருப்பினால் வேறு ஓரிடம். சிவபாக்கியத்துக்கும் அப்படித்தான், கடைசி வாங்கில் இருந்த இரண்டு பேருக்கும் அப்படித்தான். ஹமீதா வயரைக் கழற்றிப் பூட்டினாள், தகட்டைத் துடைத்தாள், வேறு தகடு மாற்றினாள். பின்னேரம் பெட்டியைக் கட்டும்போது அவள் முகம் செத்துப்போயிருந்தது.

அடுத்த மாதம் அவள் திரும்பி வந்தது ஒரு சனிக்கிழமை. பள்ளிக்கூடம் இல்லாததால் யதுர்சிகாவும் தாயோடு வந்து கதிரைக்குப் பக்கத்தில் நின்றாள். வந்ததும் வராததுமாக ஹமீதா துசாந்தினியிடம் சொல்லிவிட்டாள்.

"இதுதான் கடைசித் தரமாயிருக்கும் அக்கா. மூணுல ஒரு பங்கு ஆக்களுக்குப் பிழையாக் காட்டுற சாமானை ஆர் நம்புவாங்க? இண்டைக்கும் சரி வரல்லெண்டா இந்த அன்டெனாவ விட்டுட்டு வேற வேலையப் பாக்கப் பல்கலைக்கழகத்துல சொல்லிட்டாங்க."

"விட்டா?"

"விட்டா விட்டதுதான்."

யதுர்சிகா குனிந்து, மேசையில் இருந்த பச்சைத் தகட்டைத் தொடாமல் ஒரு கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் ஆளாக ஹமீதா துசாந்தினியைத்தான் இருத்தினாள். குத்த விரலைப் பிடித்ததும் யதுர்சிகா குறுக்கே வந்தாள். "நடுவில குத்தாதேங்கோ மிஸ். ஓரத்தில குத்துங்கோ. நடுவில குத்தினா அம்மாக்கு நோகும்." ஹமீதா ஓரத்தில் குத்தினாள். உண்மையாகவே நோவு குறைவாகத்தான் இருந்தது. ஆனால் திரையில் பள்ளம் முந்திய மாதிரியே கூத்தாடியது.

"இரும்புக்கு மேல வெச்ச மாதிரியே காட்டுது" என்றாள் ஹமீதா. சொல்லிவிட்டுத் தகட்டைக் கழற்றி, பக்கத்தில் இருந்த இரும்புக் கதிரையில் வைத்துக் காட்டினாள். வரி அதே கூத்தைத்தான் ஆடியது. "இங்கன எங்கயோ இரும்பு கிடக்கு. மேசைல ஆணி இருக்கா?"

அவ்வளவுதான். மண்டபமே எழும்பிவிட்டது. நடராசா மேசையைக் கவிழ்த்துப் பார்த்து, இருக்கு பிள்ளை, எல்லாக் காலிலும் ஆணி இருக்கு என்று அறிவித்தார். மேசையை வெளியே கொண்டுபோனார்கள். முன்னால் இருந்த தேத்தண்ணிக் கடையில் இருந்து பிளாஸ்டிக் மேசை ஒன்று வந்தது. பிறகும் வரி ஆடியது. இரும்புக் கதிரைகள் போயின. எட்டுப் பேர் பிடித்து இரும்பு அலுமாரியை வாசல்வரைக்கும் தள்ளினார்கள். பிஸ்கட் ரின் போனது, குடைகள் போயின, திறப்புக் கோர்வைகள் போயின, பெண்களின் சட்டை ஊசிகள் ஒரு கடதாசியில் சுற்றப்பட்டுப் போயின. நடராசா இடுப்புப் பட்டியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஒரு கையால் காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். துசாந்தினி கைக் காப்பைக் கழற்றினாள். கடைசியில், இரும்பு என்று சொல்ல ஓர் ஊசிகூட இல்லாத அந்த மண்டபத்தின் நடுவில், இரும்பே இல்லாத பிளாஸ்டிக் மேசையில், அவள் கை மட்டும் கிடந்தது.

வரி இன்னும் ஆடியது. ஹமீதா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு கீழே தரையில் குந்திவிட்டாள்.

துசாந்தினி நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தாள். ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை. அலுமாரி தள்ளியவர்கள் வியர்வை துடைத்தார்கள். சிவபாக்கியம் தன் இடக்கை மேற்புறத்தைச் சேலைத் தலைப்பால் மூடியிருந்தாள். துசாந்தினியின் பார்வை பட்டதும் தலையைத் திருப்பினாள். இந்த மண்டபத்தில் அத்தனை பேருக்கும் இரும்பு எங்கே இருக்கிறது என்பது தெரியும் என்று துசாந்தினிக்கு அந்த நேரம் விளங்கியது. தெரிந்துகொண்டுதான் அலுமாரி தள்ளினார்கள். அவளும் தெரிந்துகொண்டுதான் காப்பைக் கழற்றினாள். பிள்ளை பிஸ்கட்டைக் கொடுத்து வாங்கிய அந்த அருமையான எண்கள் நினைவுக்கு வந்தன. எண் பொய் சொன்னால் ஆஸ்பத்திரியில் கண்சொருகிக் கிடப்பது யார் என்பது அவளைவிட வேறு யாருக்குத் தெரியும்? அவளுக்குப் பயமாக இருந்தது. சொன்னால் யார் வந்து கேட்பார்கள், எங்கே கூப்பிடுவார்கள் என்று இத்தனை வருஷம் பழகிய பயம் நெஞ்சுக்குள் எழும்பி நின்றது. அதைவிட, இந்தப் பெட்டி இன்று பின்னேரம் பூட்டுப்பட்டுப் போய்விடும் என்கிற பயம் பெரிதாக இருந்தது.

"மிஸ்" என்றாள். "மேசையில இல்லை மிஸ். என்ர கைக்குள்ள கிடக்கு."

ஹமீதா முகத்தில் இருந்து கையை எடுத்தாள். "என்ன கிடக்கு?"

"செல் துண்டு."

வெளியே ஒரு பஸ் ஹோன் அடித்துக்கொண்டு போனது. ஹமீதாவுக்கு முதலில் அந்தச் சொல்லே பிடிபடவில்லை. புத்தளத்தில் வளர்ந்த பிள்ளை. அவள் கேட்டது ஆஸ்பத்திரியில் வைக்கிற தகட்டையும் ஆணியையும்தான். ஒரு ஊரே உடம்புக்குள் இரும்பைச் சுமந்துகொண்டு நெல் விதைக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. துசாந்தினி அவளுடைய விரலைப் பிடித்துத் தன் கையில் வைத்து அழுத்தினாள். தோலுக்குக் கீழே நெல்மணி நழுவியது.

"எனக்கும் அந்த இடத்திலதான்" என்றாள் சிவபாக்கியம், தலைப்பை விலக்கி. கடைசி வாங்கில் இருந்து ஒரு ஆள் சட்டைக் கையைச் சுருட்டத் தொடங்கினார். நடராசா காற்சட்டையைப் பிடித்தபடியே முன்னால் வந்தார்.

"எனக்கு மூண்டு கிடக்கு பிள்ளை. ஆனா எல்லாம் இடுப்புக்குக் கீழ. உம்மட மெசினுக்கு அது இடைஞ்சல் இல்லை."

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். அது எப்படிப்பட்ட சிரிப்பு என்று அந்த ஊர்க்காரர் அல்லாதவருக்குச் சொல்லி விளங்கவைப்பது கஷ்டம்.

"ஏன் அப்ப சொல்லல்ல?" ஹமீதாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "நான் கேட்டேனே!"

"கேக்கிற ஆக்களுக்கெல்லாம் இல்லையெண்டு சொல்லிப் பழகிப்போச்சு" என்றார் நடராசா. "கோபிக்காதையும்."

ஹமீதா பேனையை எடுத்தாள். அதைக் கண்டதும் சிவபாக்கியத்தின் தலைப்புத் திரும்பவும் கையை மூடியது. ஹமீதா அதைப் பார்த்தாள். பேனையை மூடிப் பைக்குள் போட்டாள்.

"எப்பிடிப் பட்டது, எங்க பட்டதுன்டு நான் கேக்கமாட்டேன். எழுதவும் மாட்டேன். எந்தக் கைல இல்ல எண்டு மட்டும் சொல்லுங்க. அந்தக் கைல ஒட்டுறன்."

துசாந்தினி வலக்கையை மேசையில் வைத்தாள். ஹமீதா பிளாஸ்டரைப் பல்லால் கடித்துக் கிழித்துத் தகட்டை ஒட்டிக்கொண்டிருந்தபோது, யதுர்சிகா தாயின் இடக்கையைப் பிடித்து, தழும்பைத் தடவிப் பார்த்தாள்.

"முள்ளுக்கம்பி கிழிச்சதெண்டு சொன்னனீங்கள்."

"ஓம்."

"அப்ப நீங்களும் பொய் சொன்னனீங்களோ?"

"ஓமம்மா. பொய்தான் சொன்னனான். பயத்தில சொன்னனான்."

பிள்ளை யோசித்தது. "நானும் பயத்திலதான்" என்றது. பிறகு தழும்பின் மேல் ஒருதரம் ஊதிவிட்டது.

குளுக்கோஸ் தண்ணி வந்தது. துசாந்தினி ஒரே மூச்சில் குடித்தாள். திரையில் பள்ளம் நின்ற இடத்தில் நின்றது. குத்தினார்கள், எண் எழும்பவில்லை, பள்ளமும் அசையவில்லை. நடராசா தொடக்கம் எல்லாரும் பெட்டியைச் சுற்றி நின்றார்கள். ஹமீதா வாய்க்குள் எதையோ ஓதிக்கொண்டிருந்தாள். யதுர்சிகா திரைக்குக் கிட்டப் போய், தன் விரலைப் பள்ளத்துக்கு நேரே, கண்ணாடியில் முட்டாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா" என்றாள் சத்தமில்லாமல். "போகுது."

ஒருவருக்கும் தெரியவில்லை. ஆனால் விரலுக்கும் பள்ளத்துக்கும் இடையில் ஒரு மயிரிழை வெளிச்சம் விழுந்திருந்தது. ஹமீதா குத்தினாள். மெசின் எண்ணைச் சொன்னது. ஏறியிருந்தது. பிள்ளை விரலைத் தள்ளிவைத்தது. பள்ளம் அந்த விரலையும் தாண்டி மெல்லப் போனது. திரும்பக் குத்தினார்கள், எண்ணும் இன்னும் ஏறியிருந்தது. மத்தியானம் வெயில் மண்டப வாசலுக்கு வந்தபோது, போன வழியாலேயே பள்ளம் திரும்பி வரத் தொடங்கியது. வண்டிலுக்குப் பின்னால் போகிற மாடு மாதிரி எண்ணும் அதோடு வந்தது என்று நடராசா சொன்னார். மாடு வண்டிலுக்கு முன்னாலல்லவா போகும் என்று யாரோ கேட்டதை அவர் காதில் வாங்கவில்லை.

சிவபாக்கியத்துக்கும் வலக்கையில் சரியாகப் போனது. ஒருவருக்கு இரண்டு கையும் சரிவரவில்லை. அவருக்குக் கழுத்துப் பக்கம் ஒட்டிப் பார்த்தார்கள், அங்கே அரைகுறையாகப் போனது. அந்த முடிவையும் சேர்த்துத்தான் ஹமீதா கொண்டுபோகப் போகிறாள். இன்னும் வித்தியாசம் இருக்கிறது, மெசின் சொல்கிற எண்ணும் பள்ளம் சொல்கிற எண்ணும் ஒட்டிப் போகவில்லை, குளிரில் என்ன காட்டும், வியர்வையில் என்ன காட்டும் என்று பார்க்கவேண்டும் என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஆனால் விடுவதாகச் சொல்லவில்லை. தொலைபேசியில் யாருக்கோ, "இல்ல சேர், பிழை அன்டெனால இல்ல, நான் கேட்ட கேள்வில" என்று உரத்துச் சொன்னது வெளியே திரும்பக் கதிரை அடுக்கிக்கொண்டிருந்த ஆட்களுக்கும் கேட்டது.

எல்லாரும் போன பிறகு துசாந்தினி காப்பைப் போட்டுக்கொண்டு பிள்ளையைத் தேடினாள். யதுர்சிகா பிளாஸ்டிக் மேசைக்கு முன்னால், தாய் இருந்த கதிரையில் ஏறி இருந்தாள். கால் நிலத்தில் முட்டவில்லை. சட்டைக் கையை மேலே சுருட்டி, உள்ளங்கை மேலே பார்க்கக் கையை மேசையில் நீட்டி வைத்திருந்தாள்.

"எனக்கு?" என்றாள்.

"உங்களுக்கு இன்னம் இல்ல, தங்கம்" என்றாள் ஹமீதா, வயரைச் சுருட்டியபடி. "இது பெரிய ஆக்கள்ட கைக்குச் செஞ்சது. உங்கட கைல வளைஞ்சு ஒட்டாது."

பிள்ளை கையை எடுக்கவில்லை. ஹமீதா வயரைக் கீழே வைத்தாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, பிளாஸ்டர் சுருளை எடுத்து, அந்தச் சின்னக் கையைச் சுற்றி ஒருதரம் ஒட்டி, நுனி வந்து முட்டிய இடத்தில் பேனையால் ஒரு கோடு கீறினாள்.

"சின்னக் கைக்குச் சின்னதா வேற செய்யணும். இது அளவு."

"எப்ப கொண்டு வருவீங்கள் மிஸ்?"

"தெரியாது. பொய் சொல்லமாட்டேன். வருஷங்கள் ஆகும்."

யதுர்சிகா கையைப் பார்த்தாள். "அதுக்குள்ள என்ர கை வளந்திடுமே?"

"வளந்தா திரும்ப அளப்பம்."

ஹமீதா பிளாஸ்டரை மெல்ல, மயிர் பிடுங்காமல், ஓரத்தில் இருந்து உரித்தாள். சுருண்டுபோகாமல் இரண்டு முனையிலும் பிடித்து, பெட்டி மூடியின் உள்பக்கத்தில், தன் கண்ணுக்குப் படுகிற இடமாகப் பார்த்து ஒட்டினாள். துசாந்தினி கிட்டப் போய்ப் பார்த்தாள். அவ்வளவு கட்டையான நீளம். அதில் பிள்ளையின் கைப் பூனைமயிர் இரண்டு மூன்று ஒட்டியிருந்தது. வாசலால் வந்த காற்றுக்கு அதன் ஒரு முனை எழும்பியது. யதுர்சிகா கதிரையில் முழங்காலூன்றி எட்டி, விரலால் அதை அழுத்தி ஒட்டிவிட்டாள்.